கிட்டத்தட்ட வெள்ளை

அறுபத்து மூன்றில் ஆலையிலிருந்து ஒரு தாளைத் திருடினேன்.
ஒரே ஒரு தாள்.
தாளின் வெண்மையை அளப்பதுதான் என் வேலை:
விளக்கின் கீழ் வைப்பேன், முள் நகரும்,
எண்ணை எழுதுவேன், அடுத்த தாள்.
ஃபாக்ஸ் ஆற்றங்கரையில், குளோரின் நெடியில், எட்டு மணி நேரம்.

வீட்டுக்குப் பின்னால் டேலில்லிகள்.
காலையில் விரிந்து
ராத்திரிக்குள் கூழாகிவிடும் பூ.
ஆரஞ்சு உண்டு, மஞ்சள் உண்டு, துரு ஏறிய சிவப்பு உண்டு.
வெள்ளை கிடையாது.
கிடையாது என்ற சொல்லை
நான் அதிக நாள் சும்மா விடுவதில்லை.

ஆகவே ஜூலையில், பத்து மணி வெயில் ஏறுமுன்,
புருவம் திருத்தும் இடுக்கியால்
ஒரு வெளிர்மஞ்சளின் மகரந்தத் தாளைப் பிடுங்கி
இன்னொரு வெளிர்மஞ்சளின் சூல்முடியில் தடவுவேன்.
டெலிபோன் கம்பியில் உரித்த சிவப்புத் துண்டைக்
காம்பில் சுற்றுவேன். அதுவே கல்யாணப் பதிவு.
செப்டம்பரில் காய் வெடிக்கும்.
எந்த நிறத்துப் பூவானாலும் விதை கரிதான்.
வெண்ணெய் டப்பாவில், ஃப்ரிட்ஜுக்குள், குளிர் காட்டுவேன்;
நோர்பெர்ட் ஒருநாள் மிளகென்று எண்ணி
முட்டைக்கு இடிக்கப் போய்விட்டான்.

மூன்றாம் வருடம் பூக்கும். இருநூறு செடி.
ஒவ்வொரு பூவின் பின்னாலும் தாளைப் பிடிப்பேன்.
வெண்ணெய்.
மெழுகு.
யாரோ ஒருவரின் பல்.
நூற்றுத் தொண்ணூற்றாறு உரக்குழிக்கு.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மாநிலம் இது.
வேலியில் சாய்ந்து எர்மா காம்ப்ஸ் சொல்வாள்,
"வெள்ளைதானே ஆர்டிஸ், பின்னே வேறென்ன?"
தாளை நீட்டுவேன்.
வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஒரு திங்கட்கிழமை, சலவையில், புத்தி வந்தது.
நோர்பெர்ட்டின் சட்டைக்குக் கடைசி அலசலில் நீலம் போட்டேன்.
ஆலையிலும் அப்படித்தான், கூழில் கொஞ்சம் நீலச் சாயம்.
மஞ்சளை யாரும் அகற்றுவதில்லை,
அதன் வாயை அடைக்கிறோம், அவ்வளவுதான்.
வெள்ளை என்று நான் எண் எழுதிய தாளெல்லாம்
ரகசியமாய் நீலம்.

டென்னிசிக்குக் கடிதம் போட்டு ஒரு லாவெண்டர் வாங்கினேன்.
வளைந்த தண்டு, கஞ்ச மொட்டு,
அழுது முடித்த முகம் மாதிரிச் சாம்பல் ஊதா.
என் வெளிர்மஞ்சளோடு சேர்த்தேன்.
பிறந்ததெல்லாம் சேறு.
எர்மா துக்கம் விசாரிக்கும் குரலில் பேசினாள்.
சேற்றைச் சேற்றோடு சேர்த்தேன்.

எழுபத்து நான்கு, ஜூலை பதினெட்டு,
ஏழாம் வரிசை, பதினொன்றாம் செடி.
தாளைப் பிடித்தேன்.
பூவின் விளிம்பைக் காணவில்லை.
தொண்டையில் ஒரு பட்டாணி அளவு பச்சை,
அதைச் சுற்றி, எங்கே பூ முடிந்து
எங்கே தாள் தொடங்கியதோ தெரியவில்லை.
ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
ஏட்டை எடுத்து எழுதினேன், மையால்: வெள்ளை.

இரவு ஷிஃப்ட் முடிந்து நோர்பெர்ட் வந்தான்.
சாப்பாட்டுப் பெட்டியில் சாண்ட்விச் சுற்றிய தாள்,
அந்த வாரத்து உற்பத்தி.
ரொட்டித் துகளை உதறிவிட்டு
என் தாளின் பக்கத்தில் வைத்தான்.

பதினோரு வருடம், கரண்டிகளோடு, இழுப்பறையில்,
என் அளவுகோல்
மெல்ல மஞ்சளாகியிருந்தது.
கண்ணை நம்பாதே முள்ளை நம்பு என்று பழகியவள் நான்.
வீட்டில் முள் இல்லை.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. காபி போட உள்ளே போனான்.

புதுத் தாளைப் பிடித்துப் பார்த்தேன்.
தந்தம். நல்ல தந்தம்தான்.
மை காய்ந்திருந்தது. அடிக்க மனமில்லை;
சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது,
அதில் நெருக்கி எழுதினேன்: கிட்டத்தட்ட.

மணி ஒன்பதரை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
பூவுக்குள் ஆறு தாள்கள், பொடி கனத்து.
இடுக்கியைத் தேடினேன்.