ஏழாம் பிரேக்கர்

ஃபோவிங்கலில் தொங்குரயில்
தெருவுக்கு மேலாகவே ஓடுகிறது.
சில நிமிடத்துக்கு ஒருமுறை
குலிசாரின் தையற்கடைக் கண்ணாடியில்
ஒரு நிழல் ஏறி இறங்கும்.
அதற்கு அவள் பழகிவிட்டாள்.
செவ்வாய்க்கிழமை வந்தது வேறு இருட்டு.

நீராவி இஸ்திரிப்பெட்டி,
மூலையில் டிசம்பருக்கென்று ஒரு ஹீட்டர்,
காற்சட்டை நீளம் குறைக்க வந்தவரின்
கோப்பித் தண்ணீருக்கு ஒரு கேத்தல்.
டக்.
விளக்கெல்லாம் போயிற்று.
தையல் மெஷின் நிற்கவில்லை,
அதற்குத் தனி லைன்.
ஊசிக்கு இருந்த தனி லைன்
கண்ணுக்கு இல்லை.

கட்டுப்போட்ட சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள்.
"நகத்துக்கூடாக."
அவ்வளவுதான் சொன்னாள்.

ஏணியை விரித்தேன், பெட்டியைத் திறந்தேன்.

விளக்கு கணக்குக்குள் அடங்கும் சாமான்.
எட்டுக் குழாய், இத்தனை வாட்,
இன்றைக்கும் அதுதான் பத்து வருடம் போனாலும் அதுதான்.
பிளக் அப்படியல்ல.
சுவரில் இரண்டு துளை,
நாளை யார் வந்து எதைச் செருகுவார் என்று
எந்த வரைபடமும் சொல்லாது.
இந்த இரண்டையும் ஒரே பிரேக்கரில் கட்டியவன் யார்
என்று முணுமுணுத்துக்கொண்டே
மூடியின் உள்பக்கம் பார்த்தேன்.

ஏழு: லிஷ்ட் + டோஸன்.
நீல மை.
ஏழின் குறுக்குக் கோடு
மேல்நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருந்தது.
அப்படிச் சாய்ப்பது நான்.

அப்போது இது மூக்குக்கண்ணாடிக் கடை.
வெள்ளி பின்நேரம், எல்லோருக்கும் வீடு போகும் அவசரம்.
முப்பத்தெட்டு மீட்டர் கேபிள் மிச்சம் என்றார் புரோக்மான்.
கண்ணாடிக் கடையில் யார் இஸ்திரி போடப் போகிறார்கள்?
விதிப்புத்தகமும் வேண்டாமென்று சொல்லவில்லை.
நான் தலையாட்டினேன்,
அழகான எழுத்தில் லேபிளும் எழுதினேன்.

குலிசார் கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்தாள்,
ஒன்பது விரலால்.

நாள் முழுக்கத் தலையில் சுண்ணாம்புத் தூள்.
பழைய கேபிளுக்குப் பக்கத்திலேயே
புதியதைப் படுக்கவைத்தேன்.
ஒரே குழாயில் போகலாம், அது பிழையில்லை.
ஒன்று விழும்போது
மற்றதன் காலைப் பிடித்து இழுக்கக்கூடாது,
அதற்குத்தான் இந்தப் பாடு.
நீல வயரையும் தனித்தனியாகப் பிரித்தேன்.
இரவல் நீலம் பொல்லாதது:
பிரேக்கரை இறக்கிவிட்டோம், செத்துவிட்டது என்று
நம்பித் தொடுகிறவன் கைக்கு
பக்கத்து லைனின் கரண்ட் திரும்பி வரும்.

"முதல் இதைச் செய்தது யார்?"
கேட்டாள் கீழேயிருந்து.
அவளுக்கும் எனக்கும் ஜெர்மன் இரவல்தான்.
அதில் பொய் சொல்வது சுலபம்,
உச்சரிப்பு சரியில்லை என்று விட்டுவிடுவார்கள்.
ஸ்குரூவை ஒரு முறை தேவையில்லாமல் முறுக்கினேன்.
"நான்."

தொங்குரயில் ஒன்று போயிற்று.
இன்னொன்றும்.

அவள் ஒன்றும் பேசாமல் போய்
இஸ்திரிப்பெட்டியைச் செருகினாள்,
ஹீட்டரை, கேத்தலை,
உள்ளறையிலிருந்து ஒரு தலைமயிர் உலர்த்தியைக்கூடக்
கொண்டுவந்து செருகினாள்.
காத்திருந்தோம்.
நேரம் எடுத்தது, பிரேக்கருக்கும் யோசிக்க வேண்டுமே.
டக்.
நீராவி ஒரு பெருமூச்சோடு அடங்கிற்று.
மேலே எட்டுக் குழாயும்
ஒன்றும் நடக்காதது மாதிரி எரிந்தன.

அந்த வெளிச்சத்தில்
கட்டைப் பிரித்து
விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
நகம் கறுத்திருந்தது.

"பில் யார் பெயருக்கு?" என்றாள்.

புதிய லேபிளில் ஏழு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.
கோட்டை இம்முறை நேராகப் போடப் பார்த்தேன்.
சாய்ந்துதான் வந்தது.