கடல் – 1

வீடு மாறி நாலு மாதம்.
கூடத்துச் சுவரில், முன்பு குடியிருந்தவர்கள்
பிடுங்காமல் விட்டுப்போன ஆணி ஒன்று
சாப்பிடும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறது.

மத்திய வீதிக் கடையொன்றில்
சட்டம் போட்ட படங்கள் இருந்தன.
பனிமலை. பனிமலைக்குக் கீழே வெள்ளைக் குதிரை.
அதே குதிரை மூன்று அளவுகளில்.
"இதுதான் மிஸ் நல்லா ஓடுது" என்றார் கடைக்காரர்.
குதிரைதானே, ஓடும்.

பல் கட்டுகிற கிளினிக்கில் எனக்கு வேலை.
வெள்ளையில் பதினாறு வகை தெரியும்.
வெற்றிலைக்காரரின் வெள்ளை, தேநீர் விடாதவளின் வெள்ளை,
கட்டிய பல் என்று ஊருக்கே தெரியட்டுமென்று
கனடாவிலிருந்து மகன் காசனுப்பும் வெள்ளை.
அந்தக் குதிரை பதினாறிலும் சேராது.

பிறகு ஒரு வியாழன்,
வங்கிக்குக் கொடுக்கப் பத்திரங்கள் கொப்பி எடுக்க
உட்துறைமுக வீதியில் நின்றேன்.
மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல்
இயந்திரத்துக்குப் பக்கத்தில்
ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.
பலகையில் கடல்.

நீலமில்லை.
மார்கழி மழை விட்டு, வாய்க்கால்கள் எல்லாம் வந்து விழுந்த பின்
டச் பேயில் பின்னேரம் நாலு மணிக்குக் கிடக்கிற கடல்,
ஆறிய தேநீரின் நிறம்.
ஓரத்தில் ஒரு புள்ளிமான்,
கரையொதுங்கிய பொலித்தீனை முகர்ந்துவிட்டு
வேண்டாமென்று திரும்புகிறது.

"ஆர் கீறினது?"
கொப்பி எடுத்துக்கொண்டிருந்த பெண் நிமிரவில்லை.
"நான்தான். ரெண்டு பக்கமும் எடுக்கவா?"

பெயர் ஹஸ்மியா.
இதுவரை ஆறு பேர் விலை கேட்டார்களாம்,
ஆறு பேரும் நீலமாக்கித் தரச் சொன்னார்களாம்.
"பதினெட்டாயிரம்" என்றாள்.
மீன் சந்தையில் பழகிய என் வாய்
"கொஞ்சம் குறைச்சு" என்று தானாகவே தொடங்கியது.
ஒரு பல்லுக்கா மிஸ் இவ்வளவு, என்று கேட்பவர்களுக்கு
நான் காட்டுகிற முகத்தை
அவள் காட்டினாள்.
மிச்சச் சொல்லை விழுங்கினேன்.
மூன்று தவணை.

கடைப் பற்றுச்சீட்டுப் புத்தகம்தான் இருந்தது.
"நிழற்பிரதி" என்று அச்சடித்திருந்ததை ஒரே கோட்டால் வெட்டிவிட்டு
கடல் – 1
என்று எழுதினாள்.
அடிக்கட்டையை முதலாளி பார்க்க முன்
கிழித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

ஓட்டோவுக்குள் பலகை கொள்ளவில்லை.
ஒரு முனை வெளியே, மறு முனை என் மடியில்.
"மேசைப் பலகையா?" என்றார் சாரதி.
"கடல்" என்றேன்.
அவர் மீட்டரைப் பார்த்தார்.

"வாசலால இறங்கினா இந்தத் தண்ணிதானே,
இதுக்கு ஏன் காசு?" என்றார் இதயராஜ்.
எனக்கு விடை தெரியவில்லை.
நாலு மாதம் என்னை முறைத்த அந்த ஆணி
பாரம் தாங்காமல் கையோடு வந்துவிட்டது.
புதிதாய் இரண்டு அடித்தோம்.
வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை.

கடைசித் தவணைக்கு அவளே வந்தாள், ஒரு ஞாயிறு.
தேநீர் ஆறும்வரை படத்தின் முன் நின்றாள்.
"அக்கா, ஒரு கிழமைக்கு இதைத் தாறீங்களா?
ஒண்டு சரியில்லை."
கட்டிய பல்லைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு.
நானாகப் போய், சரியில்லை, தாருங்கள் என்று
ஒருவரிடமும் கேட்டதில்லை.

எட்டு நாள் சுவரில் இரண்டு ஆணி.
ஒன்பதாம் நாள் பலகை வந்தது.
"இப்ப சரி" என்றாள்,
காசை எண்ணாமல் மடித்துக்கொண்டு போனாள்.

என்ன மாற்றினாள்?
மான் அதே மான். பொலித்தீன் அதே பொலித்தீன்.
ஒன்றுமே செய்யவில்லை என்கிறார் இதயராஜ்.
நுரையின் ஓரத்தில் ஒரு வெள்ளை,
என் பதினாறுக்குள் வராதது,
முன்பே இருந்ததா?

நேற்று வேலை விட்டு
ஒப்பிட்டுப் பார்க்க டச் பேக்குப் போனேன்.
நாலு மணி. நல்ல வெயில்.
சுற்றுலா வந்தவர்கள் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள்.
கடல் பச்சென்று நீலமாய்க் கிடந்தது.
பிழை, என்று வாய்க்குள் சொன்னேன்.