இடைநிறம்

உலை அணையாது.
பன்னிரண்டு ஆண்டில் ஒரு நாளும் அணைந்ததில்லை.
அணைந்தால் உள்ளிருக்கும் கண்ணாடி இறுகி
உலையையே விழுங்கிவிடும் என்பார்கள்.
அதனால் மரீன்யா கிராண்டியில்
கிறிஸ்துமஸ் இரவிலும் யாராவது ஒருவர்
ஆயிரத்து ஐந்நூறு டிகிரிக்கு
மணல் ஊட்டிக்கொண்டிருப்பார்.

என் வேலை அதற்கு நிறம் சொல்வது.
எப்போது பச்சை, எப்போது தேன்,
எப்போது எதுவும் கலவாத வெள்ளை.

ஒரு நிறம் இன்னொன்றாக மூன்று நாள் ஆகும்.
அந்த மூன்று நாளும்
மணிக்கு எட்டாயிரம் புட்டிகள்
அச்சிலிருந்து விழுந்தபடி இருக்கும்,
பச்சையென்றும் சொல்ல முடியாமல்
தேனென்றும் சொல்ல முடியாமல்,
ஆறிப்போன தேநீர் போல,
பாசிக் குளத்தில் விழுந்த வெயில் போல.
சூடு தணியுமுன் நொறுக்கி
மறுபடி உலைக்கே.

அந்த நொறுங்கலைக் குறைக்கத்தான்
என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

நாலாயிரத்து நூற்றுப் பதினாறு மாறிகள்.
அறுநூற்றுச் சொச்சம் கட்டுப்பாடுகள்.
மணல் இவ்வளவுக்கு மேல் வராது.
லாரி அரையாகப் போகாது.
லெய்ரியா கிடங்கில் ஏழாவது அடுக்கு
கூரையில் இடிக்கும்.
எதுவும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கலாகாது.
இந்த ஒன்றை எழுதும்போது மட்டும்
ஏனோ வேண்டுதல் போலிருக்கும்.

இரவு ஓடவிட்டால் விடியலில் விடை.
கூடவே ஒரு பட்டியல்:
ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் நிழல் விலை.
கட்டை ஒரு பிடி தளர்த்தினால்
எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு.
உலையின் ஒரு மணி நேரம்,
ஆயிரத்து நூற்று நாற்பது யூரோ.

டியோலிண்டா பரிசோதனை மேசையில்
பத்தொன்பது ஆண்டாக நிற்பவள்.
குமிழி கண்ணுக்குப் படுமுன்
அவள் கை அங்கே போயிருக்கும்.
காபி எந்திரத்தருகே ஒரு நாள் கேட்டாள்:
"அந்தத் தாளில் நான் எங்கே?"

காட்டினேன். வரிசை 388.
மூன்றாம் ஷிப்டு, பரிசோதகர், ஆறுக்கு மிகாமல்.
நிழல் விலை: பூஜ்யம்.

அவசர அவசரமாக விளக்கினேன்.
பூஜ்யம் என்றால் மதிப்பில்லை என்றல்ல,
அங்கே நெருக்கடி இல்லை என்றுதான்,
இன்னொருவர் வந்தாலும்
கணக்கு அசையாது, அவ்வளவே.

சர்க்கரையைக் கலக்கியபடி சொன்னாள்:
"என் புருஷன் இதையே
இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனான்."

பிப்ரவரியில் எல்லையில் லாரிகள் நின்றன.
சோடா சாம்பல் ஐந்து நாள் தாமதம்.
உலை அரை வயிற்றோடு கனன்றது.
மாதிரியைக் கேட்டேன். ஒரே வரி:
சாத்தியமான தீர்வு இல்லை.

எதைத் தளர்த்துவது?
எண்ணெய் ஆலையின் கெடுவையா, கூரையையா?
இரவு இரண்டரைக்கும்
ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து அவிழ்த்துக்
கட்டிக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் அவள் வந்தாள்.
லாக்கரில் என்றோ ஒளித்துவைத்த புட்டியை
என் விசைப்பலகை மேல் வைத்தாள்.
நொறுங்காமல் தப்பியது.
"இதை ஏன் விற்பதில்லை?"

விற்கலாமா கூடாதா என்று
நான் யோசித்து ஒதுக்கியிருந்தால் பரவாயில்லை.
அதற்கு ஒரு மாறியே வைக்கவில்லை.
பெயரிடாத ஒன்றை
எத்தனை கெட்டிக்காரக் கணக்கும் தேர்ந்தெடுக்காது.

"மொன்ஷிக் மலையில் அனாக்லேத்து இருக்கிறான்,
என் மாமன் மகன். சாராயம் காய்ச்சுகிறவர்கள் சங்கத்தில் தலைவன்.
வெள்ளிக்கிழமைக்கு நாற்பதாயிரம் பச்சை கேட்டிருக்கிறானே,
அவனுக்கு நிறம் ஒரு பொருட்டில்லை.
குடிக்கிறவனுக்கு அதுவும் இல்லை."

நாலாயிரத்து நூற்றுப் பதினேழாவது மாறி.
பெயர்க் கட்டத்தில் வெகுநேரம் தயங்கி
'இடை' என்று தட்டினேன்.
பதினொரு நிமிடத்தில் விடை வந்தது.

மிச்சம் பெரிதல்ல.
நூற்றுக்கு அரைக்கும் குறைவு.
எஞ்சிய ஐந்து லட்சம் வழக்கம்போல் நொறுங்கிற்று.

"இப்போது நான் எவ்வளவு?" என்றாள்.
388-ஐப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும்.
"பூஜ்யம்."
"அப்படியானால் கணக்கு சரி," என்று
கையுறை மாட்டிக்கொண்டு மேசைக்குப் போனாள்.

அனாக்லேத்து பணம் அனுப்ப
எழுபது நாள் எடுத்துக்கொண்டான்.
அதற்கும் ஒரு கட்டுப்பாடு எழுதினேன்.