தளை தட்டும் இடம்

முதுநகர் மணிக்கூண்டுக்கு எதிரே பிளெக்ஸ் கடை.
இரவு எட்டரைக்கு நான் மட்டும்.
ஆறுக்கு நாலு, விடிவதற்குள் வேண்டுமென்று
டீசல் கறைக் கையோடு வந்தவன்
பீடிக்கட்டுத் தாளின் உள்பக்கம் எழுதியிருந்தான்:

கரைவந்த ஓடமெல்லாம் காத்திருக்கத் தேசிங்கு
திரைதாண்டிப் போனார் தனித்து.

நீங்களே எழுதினதா என்றேன்.
பத்தாவதோட நின்னுட்டேங்க,
இது ஒண்ணுதான் ஒட்டிக்கிச்சு என்றான்.

தட்டச்சும்போதே அலகிடுகிறவள் நான்.
பி.லிட். படித்ததில் மிஞ்சிய கெட்ட பழக்கம்,
பேருந்தின் முதுகு, மாத்திரை அட்டை, கட்சிச் சுவர்
எதுவும் தப்பாது.

கரை, திரை: எதுகை நிற்கிறது.
கரைக்குக் காத்திருக்க: ஒன்றிலும் மூன்றிலும் மோனை.
புளிமாங்காய், கூவிளங்காய், மறுபடி கூவிளங்காய்.
காய்க்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர்,
உப்பனாற்றில் உரசாமல் கட்டிய படகுகளாக வருகிறது.
தேசிங்கு, தேமாங்காய்.
அடுத்தும் நேர் வரவேண்டிய இடத்தில்
திரை. நிரை.
வெண்டளை அங்கே அறுந்து கிடக்கிறது.

வேறு யாராவது செத்திருந்தால்,
ஒரு மாரி, ஒரு வேலன்,
தேமாவில் முடிகிற எவனாவது,
வெண்பா சரியாக இருந்திருக்கும்.
இதை அவனிடம் சொல்லவில்லை.

திரையை நீர் ஆக்கலாமா என்று மட்டும் கேட்டேன்.
நீர்தாண்டி. எதுகை போகும், தளை சேரும்.

தண்ணி எதுக்குங்க என்றான்.
அப்பா கடல்ல போகல.
பாண்டி ஆஸ்பத்திரில, பதினாலாம் நம்பர் கட்டில்ல.
சுத்தி ஒரு பச்சைத் திரை இழுத்து விட்டாங்க,
நாங்க அஞ்சு பேரும் இந்தப் பக்கம்.

அலை என்று படித்திருந்தேன், இத்தனை நேரமும்.

கைகள் விசைப்பலகை மேல் சும்மா கிடந்தன.
பிறகு கடைசிச் சீரையும் அலகிட்டேன், பழக்கம்தானே.
தனித்து. நிரைபு.
வாய்பாடு: பிறப்பு.
அதையும் சொல்லவில்லை.

ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்தேன்.
படத்தில் தேசிங்கு சட்டைப்பையில் பேனா வைத்துக்கொண்டு
யாரையோ பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கிறார்.
மை காயும்வரை அவன் வாசலில் நின்று
வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தான்.
பெயர் வந்ததும் ஒவ்வொரு முறையும்
கொஞ்சம் நிறுத்தினான்.

நாலு மூலையிலும் கயிற்றுக்கு வளையம் அடித்துச்
சுருட்டிக் கொடுத்தேன்.
கயிறு இருக்கு என்றான்.