பதினாலாம் தேதி வரை

வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடிவீடு, மூன்று பேர்.
வாடகை ஆறாயிரம், தலைக்கு ரெண்டாயிரம்.
அதில் மட்டும் சண்டை வந்ததில்லை.

ஜெபசெல்விக்கு ஐகிரவுண்டில் லேப் வேலை.
நாளெல்லாம் ரத்தக் குழாய்க்குப் பேர் ஒட்டுகிறவள்
வீட்டிலும் ஒட்டினாள்.
பால் பாக்கெட்டில் ‘ஜெ.’
சீயக்காய் டப்பாவில் ‘ஜெ.’
ஒருநாள் முட்டையிலும்.
நான் அந்த முட்டையை அவித்து
ஸ்டிக்கர் கிழியாமல் தோட்டை உரித்து
அவள் தட்டில் வைத்தேன்,
தோட்டை மட்டும்.

அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் சொல்லவேண்டியது நிற்குமா?
சமையலறை ஆணியில் தினசரிக் காலண்டர்.
கிழித்த தாளின் முதுகில் எழுத ஆரம்பித்தோம்.
‘ஃபேனை நிறுத்திவிட்டுப் போகவும். பில் 1,940.’
‘குப்பையைத் தூக்க எனக்கு மட்டும்தான் கை இருக்கிறதோ.’
‘நெத்திலி வறுத்த கரண்டியை என் பாலில் விட்டது யார்.’
கேள்விக்குறி போடமாட்டாள்.
பதில் தெரியும் என்று அர்த்தம்.

காலண்டரில் ராசிக்கு ஒரு சொல் போட்டிருப்பான்.
அவளுக்குக் கன்னி.
கன்னிக்குப் ‘பெருமை’ என்றிருந்த தாளில்
அவளைத் திட்டி எழுத எனக்கு மனசாகவில்லை.
முன்னால் புரட்டினேன்.
‘சிடுசிடுப்பு’ பன்னிரண்டாம் தேதியில் இருந்தது.
நடுவில் உருவினால் தெரிந்துவிடும்,
மேலே கிடந்த நாட்களையும் சேர்த்துக் கிழித்தேன்.
மறுநாள் பதிமூன்றைக் கிழித்து அவள் பதில் எழுதினாள்.
முன்பக்கம், சிம்மத்துக்கு: ‘வீண் பேச்சு.’
என் ராசி அவளுக்கு எப்படித் தெரியும்
என்று ராத்திரி கொஞ்சநேரம் யோசித்தேன்.

இப்படியாக, ஊருக்கெல்லாம் நவம்பர் எட்டாயிருக்க
எங்கள் அடுப்படியில் பதினாலு.

எங்கள் தெருவுக்கு ஒற்றைப்படைத் தேதியில் தண்ணீர்,
விடியக்காலம் நாலரைக்கு.
குரூப் ஃபோருக்குப் படிக்கிற பிரம்மசக்தி
மாசம் பிறந்ததுமே ஒற்றைப்படைத் தாளிலெல்லாம்
சிவப்புப் பென்சிலால் ‘தண்ணி’ என்று எழுதிவைப்பாள்.
ஒன்பதாம் தேதி எழுந்திரிக்கிற முறை என்னுடையது.
எழுந்தேன். செல்போன் வெளிச்சத்தில் காலண்டரைப் பார்த்தேன்.
சிவப்பு இல்லை.
போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு டிரம்மின் அடியில் ஒரு பல்லி.

கீழ்வீட்டில் கேட்க முகமில்லை.
‘மாடியில சத்தம் ஜாஸ்தி’ என்று போன வாரம்தான்
ஆறுமுகநயினார் சார் ஆள் அனுப்பியிருந்தார்.
ஒரே வாளியைத் தூக்கிக்கொண்டு
மூன்று பேரும் ஆற்றுக்கு நடந்தோம்,
பிரம்மசக்தி நடுவில், சுவர் மாதிரி.

ஐப்பசி வெள்ளம். செம்மண் நிறம், இழுப்பு வேறு.
படியோரம் ஆகாயத்தாமரை, யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு.
இறங்கப் பயந்து மேல்படியில் உட்கார்ந்து
வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டோம்.
எனக்கு முகமெல்லாம் நுரை.
கண் திறக்க முடியவில்லை,
கை படியைத் துழாவுகிறது.
‘சொம்பு’ என்றேன், யாரிடமென்று இல்லாமல்.
பதினோரு நாளில் முதல் சொல்.

சொம்பு கைக்கு வந்தது.
விரலில் நெருடியது, ஓரம் பிய்ந்த ஒரு ஸ்டிக்கர்.

திரும்பி ஏறும்போது பிரம்மசக்தி வெடித்தாள்:
‘ஏட்டி, மண்டைக்குள்ள என்னத்த வச்சிருக்கிய ரெண்டுபேரும்?
பதினாலு வார வரைக்கும்
ஒருத்தியும் அந்தக் காலண்டரத் தொடக்கூடாது,
பாத்துக்கிடுங்க.’

எழுதத் தாள் இல்லை.
ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று,
ஐந்து நாளும் வாயால்தான் சண்டை போட்டோம்.
முட்டையில் தொடங்கி, கரண்டி வழியாக,
போன வருஷத்துக் கொசுவலை வரைக்கும்.

பதிமூன்றாம் தேதி ராத்திரி
நயினார் சாரே படியேறி வந்துவிட்டார்.
‘யாரும்மா அது, இந்தச் சத்தம் போடுறது?’

நானும் ஜெபசெல்வியும்
ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை,
ஒரே நேரத்தில் கையை நீட்டினோம்,
மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த
பிரம்மசக்தியைப் பார்த்து.