நான்காம் கோப்பை

பதினேழாம் எண் சரக்குக்கு ஐந்து கோப்பைகள்.
ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு கிராம் பொடி,
கொதி அடங்கிய வெந்நீர்,
நான்கு நிமிடம்.
மேலே கட்டிய ஆடையைக் கரண்டியால் உடைத்து
மூக்கைத் தாழ்த்துகிறாள் லாங்கீட்.

முதலாவதில் ஆரஞ்சுத் தோல்.
இரண்டாவதில் அதுவே, கொஞ்சம் கரும்பும் சேர்ந்து.
மூன்றாவதை அவள் உறிஞ்சிய ஓசையில்
தகரக் கூரையிலிருந்த காகம் எழுந்து போனது.
நான்காவதில் நின்றாள்.
கரண்டியைக் கழுவினாள். மறுபடி முகர்ந்தாள்.
என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
கிழங்கு.

எடை போடுகிறவன் நான்.
அந்த ஒரு சொல் ஒன்பது மூட்டை கனம்.

ஒரு பூச்சி. நகக்கண் அளவு.
பழம் பச்சையாக இருக்கும்போதே துளைத்துவிடும்.
கொட்டை நிறம் மாறாது, தண்ணீரில் மிதக்காது,
மேசையில் காயும்போது பக்கத்துக் கொட்டையோடு
நல்ல பிள்ளையாய்ப் படுத்திருக்கும்.
வறுத்து அரைத்து வெந்நீர் ஊற்றினால்தான்
தோல் சீவிய பச்சை உருளைக்கிழங்கு,
கோப்பை முழுக்க.

ருஹோரோ மலையில் பதினோரு குடும்பம்,
மே மாதத்தின் ஆறு நாட்கள்,
என் நோட்டில் எல்லாம் இருக்கிறது:
கொன்சிலி, நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
சபுக்கிஸா, இருநூற்று எழுபது.
பிகிரிந்தாவி, முப்பத்தெட்டு.
தொட்டியில் விழுந்தபின் நோட்டு செல்லாது.
தண்ணீருக்குக் கையெழுத்துப் படிக்கத் தெரியாது.

கூட்டத்தில் யாரும் பெயர் சொல்லவில்லை.
பார்வைகள் மட்டும் ஒவ்வொன்றாய்
பிகிரிந்தாவியின் பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தன.
கால் முறிந்த வருஷம்
கவாத்து வெட்டாமல் விட்ட நூற்றெண்பது செடி அவனுக்கு.
அவன் தொப்பியை மடியில் வைத்து
அதன் ஓரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.
முப்பத்தெட்டு கிலோவைத் தனியே வைத்திருக்கலாமே
என்றார் சபுக்கிஸா, ஜன்னலிடம் சொல்வதுபோல.

லாங்கீட் எழுந்தாள்.
என் நாக்குக்கு மலை தெரியும், ஆள் தெரியாது என்றாள்.
உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது நான் எழுந்திருக்க வேண்டும்.
அந்த வாரம் வியாழக்கிழமை
மின்சாரம் போய், டார்ச்சும் செத்து,
கடைசிக் கூடைகள் இரண்டைப்
பொறுக்கிப் பார்க்காமலே தொட்டியில் கவிழ்த்தேன்.
ஒன்று கொன்சிலியுடையது.
மற்றது என்னுடையது.
பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.
அவ்வளவுதான் அன்று நான் செய்தது.

ஒன்பது மூட்டையையும் மேசைகளில் கொட்டி
மூன்று நாள் பொறுக்கினோம்.
பதினோரு வீடும் வந்தது; பேச்சு வரவில்லை.
இரண்டாம் நாள் மதியம்
கொன்சிலியின் மகன் பெரிய சட்டியை இறக்கினான்,
மூடியைத் திறந்தான்.
அவித்த உருளைக்கிழங்கு.
ஆவிக்கு நடுவே எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருக்க
முதலில் சிரித்தது பிகிரிந்தாவிதான்,
தோள் குலுங்க, பிறகு இருமலோடு.
சபுக்கிஸா ஒன்றை எடுத்து முகர்ந்து,
எண்பத்தேழு மதிப்பெண் என்றார்.
உப்புப் போதவில்லை. தின்று தீர்த்தோம்.

ஒன்பது மூட்டை எட்டரை ஆனது.
லாங்கீட் ஐம்பது கோப்பை ஊற்றினாள்.
ஐம்பதிலும் ஆரஞ்சுத் தோல், கரும்பு.
ஐம்பத்தொன்றாவதை யாரும் ஊற்றவில்லை.
லாரி தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குக் கிளம்பியபோது
தார்ப்பாயின் ஒரு முடிச்சை நான் இரண்டு முறை கட்டினேன்,
முடிச்சில் ஏதோ இருப்பதுபோல.

இந்த மார்ச்சில், முதல் நாள், நல்ல வெயிலில்,
வரிசை சேர்வதற்கு முன்
என் கூடையைச் சாக்கில் பரப்பி
பிகிரிந்தாவியைக் கூப்பிட்டேன்.
காலை இழுத்துக்கொண்டு வந்தான்.
குனிந்து வெகுநேரம் பார்த்தான்.
இரண்டு பழங்களை எடுத்து வாழைப் புதருக்குள் எறிந்தான்.
ஏன் அந்த இரண்டு என்று நான் கேட்கவில்லை.
எடை போட்டேன். எழுதினேன்.