மூணு போட்டுக்கங்க

சேரம்பாடிக்கு மேலே பதினோராம் நம்பர் காட்டில்
நாற்பத்திரண்டு கேள்விகளோடு நிற்கிறேன்.
படிவம் ஈரத்தில் அப்பளம்போல நமுத்துவிட்டது.
பேனா எழுதுகிறது, நின்றுவிடுகிறது, எழுதுகிறது.
கணுக்காலில் ஏறிய அட்டைக்கு மட்டும்
என்னிடம் எந்தத் தயக்கமும் இல்லை.

"என் மேற்பார்வையாளர் என்னை மதிப்புடன் நடத்துகிறார்."
ஒன்று என்றால் முற்றிலும் மறுக்கிறேன்,
ஐந்து என்றால் முற்றிலும் ஏற்கிறேன்.
இடையில் இருப்பவற்றை விரல் மடக்கி விளக்குகிறேன்.
அமராவதி இடுப்புப் படுதாவை இறுக்கிக்கொண்டு
இரண்டு செடி தள்ளிக் குடையோடு நிற்கும் சூப்பர்வைசரைப்
பார்க்காமலே பார்த்துவிட்டு
"மூணு போட்டுக்கங்க" என்கிறாள்.

ஜெசிந்தாவும் மூணு.
பூவாயி, கேள்வி முடியுமுன்னே மூணு.
ராஞ்சிப் பக்கமிருந்து வந்த புத்னிக்குத் தமிழ் அரைகுறை,
மூணு மட்டும் சுத்தமாக வருகிறது.
சம்பளம்? மூணு. கழிப்பறை? மூணு.
"யானை நடமாட்டம் பற்றி நிர்வாகம் முன்கூட்டியே தெரிவிக்கிறது."
இதற்கு ஒரு சிரிப்பு எழுந்து வரிசை முழுக்க ஓடியது.
பிறகு மூணு.

மதியம் எடைக்கொட்டகையில் எனக்கும் ஒரு டீ.
ஓரமாக உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தேன்.
காய்ச்சலோடு வந்த பூவாயியின் சாக்கு
பாதிகூட நிரம்பவில்லை.
முன்னால் நின்றவள் குனிந்தாள், ஒரு கை கொழுந்து.
செருப்பைச் சரிசெய்கிறவள்போல இன்னொருத்தி, ஒரு கை.
புத்னி பேசாமல் இரண்டு கை.
முள் தயங்கி, குறைந்தபட்சக் கிலோவைத் தொட்டது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
பூவாயி நன்றி சொன்னதாகவும் தெரியவில்லை.
"இருக்கிற முத்தல் எல்லாம் எனக்கே போட்டுட்டாளுக"
என்று முணுமுணுத்தாள்.

இருபத்தேழாம் கேள்வி:
"சக பணியாளர்கள் எனக்கு உதவுகிறார்கள்."
ஐந்துக்கு மேலே கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதத் தொடங்கினேன்: எடைக்கு முன்பாக...
ஒரு நகல் எஸ்டேட் ஆபீசுக்கும் போகும் என்பது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
அடித்தேன். அடித்தது தெரியக் கூடாதென்று
கறுப்பாகும்வரை தேய்த்தேன்.
"மை கொட்டிருச்சா?" என்றாள் அமராவதி.
ஆமாம் என்றேன்.
ஒரு கணம் கூடுதலாக என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு மாசச் சம்பளமா?"
இல்லை. படிவத்துக்கு நாற்பது ரூபாய்.
இருபத்தைந்துக்குக் குறைந்தால் பேட்டா கிடையாது.
"அட, உங்களுக்கும் கிலோக் கணக்குத்தானா."

நாலரைக்கு எண்ணினேன், இருபத்தொன்று.
மூடுபனி இறங்கிப் பாதையை விழுங்கிக்கொண்டிருந்தது.
கடைசி பஸ் ஐந்து பத்துக்கு.
பையை மூடும்போது காலடிச் சத்தம்.
காலையில் நேரமில்லை என்று நழுவிய நாலு பேர்,
பின்னால் அவர்களை ஓட்டிக்கொண்டு அமராவதி.
பாடியில் குழாய்த் தண்ணீர் வருகிற நேரம் அது.
ஒருத்தி கையில் காலிக் குடம்.
"சீக்கிரம் கேளுங்க."
நான் கேட்கக் கேட்க, கேட்காததற்கும் சேர்த்து
மூணு, மூணு, மூணு...
குடத்துக்காரி மட்டும் கடைசியில் நின்று யோசித்து
"ஒண்ணுக்கு ரெண்டு போடுங்க, இல்லேன்னா சந்தேகம் வரும்" என்றாள்.
எதற்கு என்று கேட்டேன்.
"எதுக்கு வேணாலும்."

படமெடுத்து அனுப்பிய பத்தாவது நிமிடம்
போனில் பேராசிரியர்.
எல்லாமே மூன்று, மாறுபாடு ஏறக்குறையச் சுழியம்,
இதை வைத்து என்ன கட்டுரை எழுதுவது,
காட்டுக்குப் போனாயா, இல்லை
லாட்ஜில் உட்கார்ந்து நீயே நிரப்பினாயா?

"சிக்னல் சரியில்ல சார், கேட்கல" என்றேன்.
நன்றாகவே கேட்டது.